பிள்ளைக்கு 18 வயது... இனி உங்கள் கையெழுத்து செல்லாது!

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த மறுநாளே இ-சேவை மையங்களில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று ஒரு கட்டு காகிதத்துக்காகக் கோடை உழவைக்கூடத் தள்ளிப்போட்டுவிட்டுப் பெற்றோர் அலைகிறார்கள். இவையெல்லாம் கல்லூரி கேட்கிற காகிதங்கள். கேட்பதால் எப்படியோ எடுத்தும் விடுகிறார்கள்.

கல்லூரி கேட்காத காகிதங்கள் சில உண்டு. கூட்டுப் பட்டா, மைனர் வங்கிக் கணக்கு, செல்வமகள் சேமிப்பு, கடன் பத்திரத்தில் போடும் கையெழுத்து என்று அவை பல இடங்களில் கிடக்கின்றன. பிள்ளை விடுதிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, பணமோ கையெழுத்தோ அவசரமாகத் தேவைப்படும் ஒரு நாளில்தான் வீட்டுக்கு அவற்றின் நினைவே வருகிறது.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு பிறந்தநாள். 1875-ம் ஆண்டின் வயதடைதல் சட்டப்படி 18 வயது முடிந்த எவரும் மேஜர். அதுவரை பிள்ளைக்காக அப்பாவோ அம்மாவோ 'கார்டியன்' என்று போட்டுவந்த கையெழுத்துக்கு அன்றோடு வேலை முடிந்தது. சாப்பாடு போடுவதும் கட்டணம் கட்டுவதும் பெற்றோர்தான். ஆனாலும் பத்திரம், வங்கி, பட்டா என்று எங்கே போனாலும் பிள்ளையின் கையெழுத்தைத்தான் கேட்பார்கள்.

இதில் இன்னொரு சிக்கல், பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகள் பலருக்கும் அப்போது 17 வயதுதான் நடக்கிறது. கல்லூரியில் சேரும்போது மைனர், முதல் செமஸ்டர் நடுவில் மேஜர். சேர்க்கையின்போது எல்லாம் சரியாக முடிந்தது என்று நிம்மதியாக இருக்கும் குடும்பத்துக்கு நவம்பரிலோ டிசம்பரிலோ சிக்கல் தொடங்குவது இதனால்தான்.

நிலத்தில் பிள்ளைக்குப் பங்கு இருந்தால்

அப்பா உயிரோடு இருந்து, நிலம் அவர் சொந்தமாக வாங்கியதாக இருந்து, பட்டாவும் அவர் பெயரிலேயே இருந்தால் இந்தப் பகுதி அந்த வீட்டுக்குப் பெரிதாகப் பொருந்தாது. கிராமங்களில் அப்படி நேர்கோட்டில் இருக்கும் நிலம் எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 3 ஏக்கர் புன்செய், ஒரு கிணறு. அப்பா உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். அப்போது மகனுக்கு 9 வயது, மகளுக்கு 7 வயது. அவர் சுயமாக வாங்கிய நிலம் என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் ஆகியோருக்குச் சம பங்கு. இறந்தவரின் தாய் அப்போது உயிரோடு இருந்தால் அவருக்கும் அதே அளவு ஒரு பங்கு உண்டு. இந்தப் பாட்டியின் பங்கைத்தான் பல வீடுகளில் மறந்துவிடுகிறார்கள். பட்டாவில் தாயின் பெயரோடு, பிள்ளைகளின் பெயர்கள் 'மைனர், கார்டியன் தாய்' என்று ஏறியிருக்கும். இஸ்லாமிய, கிறிஸ்தவக் குடும்பங்களில் பங்கு பிரியும் விகிதம் வேறு. 18 வயதுக் கணக்கு மட்டும் எல்லோருக்கும் ஒன்றே.

அன்றிலிருந்து அந்தத் தாய்தான் அடங்கல் வாங்கினார், கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் எடுத்தார், விளைந்ததை விற்றார். இப்போது மகன் சென்னையில் இரண்டாம் ஆண்டு, மகள் கோவையில் முதலாம் ஆண்டு. கட்டணத்துக்காக அரை ஏக்கரை விற்க நல்ல விலைக்கு ஆள் வருகிறது. தாய் மட்டும் கையெழுத்துப் போட்டால் அவர் பங்கு மட்டுமே கைமாறும். வாங்குகிறவர் அதற்கு ஒப்புவதில்லை. இரண்டு பிள்ளைகளும் சார் பதிவாளர் அலுவலகத்துக்கு வந்தாக வேண்டும். ஒருவருக்குத் தேர்வு, இன்னொருவருக்குச் செய்முறை வகுப்பு என்று நாள் தள்ளிப்போகும். விலை பேசியவர் அதற்குள் வேறு நிலம் பார்த்துப் போய்விடுவார். பயிர்க்கடனிலும் இப்படி நடக்கலாம். கூட்டுப் பட்டா என்றால் மற்றப் பட்டாதாரர்களின் சம்மதக் கடிதத்தைக் கேட்கும் சங்கங்கள் உண்டு.

இதற்கு வழி பவர் பத்திரம். 18 வயது முடிந்த பிள்ளை தன் பங்கு தொடர்பான வேலைகளைப் பார்க்கும்படி தாய்க்கோ தந்தைக்கோ அதிகாரம் எழுதிக்கொடுக்கலாம். தமிழ்நாட்டில் நிலத்தை விற்கும் அதிகாரம் தரும் பவர் பத்திரத்தைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். இருபது ரூபாய்த் தாளில் எழுதி நோட்டரி முத்திரை குத்தினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எழுதிக்கொடுக்கும் பிள்ளை ஆதாரோடு பதிவு அலுவலகத்துக்கு நேரில் வர வேண்டும். வெளிமாநிலத்தில் தங்கிப் படிக்கும் பிள்ளை என்றால் அந்த ஊர்ப் பதிவாளர் முன்னிலையில் எழுதிக்கொடுக்கவும் வழி இருக்கிறது. ஆனால் அலைச்சலும் செலவும் கூடும். பெட்டி கட்டுவதற்கு முந்தைய வாரத்தில் செய்துவிட்டால் ஒரே நாளில் முடிகிற வேலை.

17 வயதில் கிளம்பும் பிள்ளையிடம் பவர் வாங்க முடியாது. வாங்கினாலும் செல்லாது. 18 முடிந்த பிறகு தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஊருக்கு வரும்போது, அலுவலகம் திறந்திருக்கும் ஒரு வேலை நாளை இதற்காக ஒதுக்கிவைக்க வேண்டும். விடுமுறையில் வந்துவிட்டு விடுமுறையிலேயே கிளம்பினால் பதிவு அலுவலகமும் அதே விடுமுறையில்தான் இருக்கும்.

பவரில் இரண்டு வகை. பொது அதிகாரம் எல்லாவற்றையும் தூக்கிக் கொடுப்பது. சிறப்பு அதிகாரம் இன்ன சர்வே எண், இன்ன வேலை என்று வரம்பு கட்டுவது. பயிர்க்கடன் வாங்கவும், இழப்பீடு பெறவும், மின் இணைப்பின் பெயரை மாற்றவும் என்று வேண்டியதை மட்டும் எழுதும் சிறப்பு அதிகாரமே பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். விற்பனை அதிகாரம் உண்மையிலேயே விற்கும் எண்ணம் இருந்தால் மட்டும் போதும். 18 வயதுப் பிள்ளை, வாசிக்காமலே 'அப்பா சொன்னார்' என்று பொது அதிகாரத்தில் கையெழுத்துப் போடுவது சரியான பழக்கம் அல்ல. பத்திரத்தை ஒரு தடவை உரக்கப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போடட்டும். கொடுத்த பவரைப் பின்னர் ரத்து செய்யவும் முடியும். கொடுத்தவர் இறந்தால் பவரும் முடிந்தது. அதனால்தான் பவரை வைத்து விற்கும்போது, கொடுத்தவர் உயிரோடு இருப்பதற்கு மருத்துவர் சான்றையும் பதிவு அலுவலகத்தில் கேட்கிறார்கள்.

பட்டாவில் 'மைனர், கார்டியன்' என்று இருப்பதையும் இந்தச் சமயத்திலேயே நீக்கிவிடலாம். வயதுச் சான்றோடு பட்டா மாறுதலுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் போதும். இன்னும் தாத்தா பெயரிலேயே பட்டா கிடக்கிற வீடுகள் அதைவிட முன்னால் தொடங்க வேண்டும். இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, அதன் பிறகுதான் பட்டா மாறுதல். விவசாயிகளுக்கான தனி அடையாள எண் பதிவுக்கும் பட்டாவில் பெயர் இருந்தால்தான் வேலை எளிது என்பதால், இதில் போடும் உழைப்பு கல்லூரிக்கு மட்டும் பயன்படுவதில்லை.

பிள்ளை மைனராக இருந்தபோதே நிலத்தை விற்ற குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. 1956-ம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 8-ம் பிரிவுப்படி, மைனரின் தனிப்பட்ட அசையாச் சொத்தை நீதிமன்ற அனுமதி இல்லாமல் இயற்கைக் காப்பாளர்கூட விற்கக்கூடாது. அப்படி விற்றிருந்தால் பிள்ளை மேஜரான நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் அந்த விற்பனையை எதிர்த்து வழக்குப் போடலாம். வாங்கியவர் பத்து வருடம் கழித்து வீடு தேடிவந்து, 'பையனுக்கு 18 ஆச்சே, ஒரு சம்மதக் கையெழுத்து வேணும்' என்று கேட்பது இதனால்தான். அந்தக் கையெழுத்துக்கு மதிப்பு உண்டு. விற்ற பணம் பிள்ளையின் படிப்புக்குத்தான் செலவானதா என்பதை வீட்டில் பேசித் தெளிந்த பிறகு போடுவது நல்லது. பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிரியாத பங்கு என்றால் கணக்கு வேறு. அதற்கு வழக்கறிஞரைப் பார்த்தே ஆக வேண்டும்.

மகளிடம் விடுதலைப் பத்திரம் கேட்காதீர்கள்

பவர் எழுதப் போன இடத்தில், 'கையோடு கையாக இதையும் முடிச்சிடுங்க' என்று யாராவது ஒரு யோசனை சொல்வார்கள். மகள் மேஜராகிவிட்டாள், இப்போதே விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிவிட்டால் பின்னால் மாப்பிள்ளை வந்து பங்கு கேட்க மாட்டார் என்பதுதான் அந்த யோசனை. 18 முடிந்து சில மாதமே ஆன பெண், கல்லூரிக் கட்டணம் கட்டும் அப்பாவிடம் 'மாட்டேன்' என்று எப்படிச் சொல்வாள்?

தமிழ்நாட்டில் 1989-லேயே மாநிலத் திருத்தம் வந்து, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பிறப்புரிமை தரப்பட்டது. 2005-ல் நாடு முழுவதற்கும் அது சட்டமானது. அப்பா அப்போது உயிரோடு இருந்தாரா என்பது முக்கியமில்லை, மகளின் உரிமை பிறப்பால் வருவது என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்திவிட்டது. பதிவு செய்த விடுதலைப் பத்திரத்தைப் பிறகு திரும்பப் பெறுவது எளிதல்ல. கட்டாயப்படுத்தினார்கள் என்று நிரூபிக்க நீதிமன்றப் படி ஏற வேண்டும்.

கல்லூரிக்குக் கிளம்பும்போது செய்ய வேண்டிய காகித வேலைகளில் விடுதலைப் பத்திரத்துக்கு இடமே இல்லை. பங்கு பிரிப்பதை அவள் படித்து முடித்து, சொந்தக் காலில் நிற்கும்போது, நாலு பேர் முன்னிலையில் பேசிக்கொள்ளலாம்.

வங்கி, அஞ்சலகம், கல்விக் கடன்

மைனர் பெயரில் அப்பாவைக் கார்டியனாகப் போட்டுத் திறந்த கணக்கில், பிள்ளைக்கு 18 முடிந்ததும் கார்டியனின் உரிமை நின்றுவிடும். வங்கி பிள்ளையின் புதிய கையெழுத்து, புகைப்படம், ஆதார், பான் எல்லாவற்றையும் கேட்கும். அதைக் கொடுக்காமல் விட்டால் கணக்கு முடங்கிப்போகும். அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. கல்வி உதவித்தொகையும் ஆதார் இணைந்த கணக்குக்கே வருகிறது. அந்தக் கணக்கு முடங்கினால் மாதச் செலவுக்கான பணமும் நிற்கும். மைனராக இருந்தபோது எடுத்த பான் அட்டையில் புகைப்படமும் கையெழுத்தும் இருக்காது. அதையும் 18-க்குப் பிறகு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

2015-ல் செல்வமகள் சேமிப்புத் திட்டம் வந்த புதிதில் கணக்குத் தொடங்கிய பெண்கள் இப்போது கல்லூரி வயதில் இருக்கிறார்கள். 18 ஆனதும் அந்தக் கணக்கை அவள்தான் நடத்த வேண்டும். மேற்படிப்புக்காக, முந்தைய நிதியாண்டு முடிவில் இருந்த தொகையில் பாதி வரை எடுக்கலாம். கல்லூரிச் சேர்க்கைக் கடிதமும் கட்டண ரசீதும் வேண்டும். எடுப்பது கட்டணத் தொகையைத் தாண்டக்கூடாது. பலர் இதை மறந்துவிட்டுக் கந்துவட்டிக்குப் போகிறார்கள். அஞ்சலகப் பாஸ்புக்கைத் தேடி எடுப்பது முதல் வேலையாக இருக்கட்டும்.

கல்விக் கடனில் கடன்காரர் பிள்ளை. பெற்றோர் உடன் கடன் வாங்குபவர். 4 லட்சம் ரூபாய் வரை எந்த அடமானமும் தேவையில்லை. 7.5 லட்சத்துக்கு மேல் போகும்போதுதான் பொதுவாகச் சொத்து அடமானம் கேட்கிறார்கள். நிலப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போகும் விவசாயியிடம் மேலாளர் தயங்குவதற்கு ஒரு காரணம் உண்டு. வாராக் கடனுக்கு நீதிமன்றம் போகாமலே சொத்தைக் கைப்பற்ற வங்கிகளுக்கு அதிகாரம் தரும் சர்ஃபாசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. அதனால் வங்கிகள் வீட்டையோ வைப்புத்தொகையையோ கேட்கின்றன. 2024 நவம்பரில் வந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், அதன் பட்டியலில் உள்ள கல்லூரிகளுக்கு அடமானமும் ஜாமீனும் இல்லாமல் கடன் கிடைக்கிறது. பிள்ளை சேரும் கல்லூரி அதில் இருக்கிறதா என்று இடம் எடுக்கும் முன்பே பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம். ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பத்துக்கு, தொழிற்படிப்புக் கடனில் படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டமும் உண்டு. அதற்குத் தாசில்தாரின் வருமானச் சான்றை வங்கியில் தர வேண்டும்.

17 வயதில் கடன் வாங்கினால் பத்திரத்தில் பெற்றோர்தான் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். பிள்ளை மேஜரானதும் 'இந்தக் கடனை நான் ஏற்கிறேன்' என்ற உறுதிக் கடிதத்தை வங்கி கேட்கும். இரண்டாம் ஆண்டுத் தவணை விடுவிக்கும் நேரத்தில் இதற்காக ஓடுவதைவிட, பிறந்தநாள் முடிந்த கையோடு கொடுத்துவிடலாம்.

சான்றுகளில் சறுக்கும் இடங்கள்

வருவாய்த்துறைச் சான்றுகளுக்கு இ-சேவை மையத்தில் கட்டணம் 60 ரூபாய். விண்ணப்பம் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் வழியாகப் போகும். சிறு, குறு விவசாயி சான்று வாங்கிச் சொட்டுநீர்ப் பாசனம் போட்டவர்களுக்கு இந்தப் பாதை பழகியதுதான். சறுக்குவது வேறு சில இடங்களில்.

வருமானச் சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும். போன வருடம் அக்காவுக்கு எடுத்ததைத் தம்பிக்குக் காட்ட முடியாது. முதல் பட்டதாரிச் சலுகை குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும். அண்ணன் அதைப் பயன்படுத்தியிருந்தால் தங்கைக்குக் கிடையாது. அது அரசுக் கலந்தாய்வு வழியாகச் சேர்பவர்களுக்கே, நிர்வாக ஒதுக்கீட்டுக்கு இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு உண்டு. நடுவில் பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் படிப்புச் சான்று வாங்க வேண்டும். கோடை விடுமுறைக்குத் தலைமை ஆசிரியர் ஊருக்குப் போகும் முன் வாங்கிவிடுவது நல்லது.

மத்திய அரசுக் கல்லூரிகளுக்குப் போகும் பிள்ளைக்கு மாநிலச் சாதிச் சான்று போதாது. ஓ.பி.சி. சான்று தனியாக எடுக்க வேண்டும், அதுவும் பெரும்பாலும் அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். அதற்கான 8 லட்சம் வருமான வரம்பில் விவசாய வருமானம் சேராது. 'மஞ்சள் நல்ல விலைக்குப் போச்சு, நமக்குக் கிடைக்காது' என்று தாங்களாகவே ஒதுங்கிக்கொள்ளும் விவசாயிகள் இருக்கிறார்கள். ஒதுங்க வேண்டியதில்லை.

முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை இருக்கிற வீடுகள் பல, அது விபத்துக்கும் ஈமச்சடங்குக்கும் மட்டும் என்று நினைத்து டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கின்றன. நன்செய் 2.5 ஏக்கர் அல்லது புன்செய் 5 ஏக்கர் வரை வைத்திருப்பவர்களும் விவசாயத் தொழிலாளர்களும் உறுப்பினராகும் அந்தத் திட்டத்தில் பிள்ளைகளின் மேற்படிப்புக்கும் உதவித்தொகை உண்டு. சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும் சிக்கல் பெயர். மதிப்பெண் பட்டியலில் இன்ஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பட்டாவில் அப்பா பெயர் ஒரு மாதிரி, ரேஷன் அட்டையில் இன்னொரு மாதிரி. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ளதை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்றதை அதற்குத் தக்கபடி திருத்துவதே சுலபம். 15 வயதில் செய்ய வேண்டிய கைரேகை, கருவிழிப் புதுப்பிப்பைச் செய்யாமல் விட்ட பிள்ளைகளுக்கு ஆதார் சரிபார்ப்பு நடுவில் நின்றுபோகும். அதையும் ஒரே நடையில் முடித்துவிடலாம்.

மருத்துவமனையில் யார் கையெழுத்து?

விடுதி விண்ணப்பத்தில் 'உள்ளூர்ப் பாதுகாவலர்' என்று ஒரு கட்டம் இருக்கும். சென்னையில் இருக்கும் சித்தப்பா பெயரை எழுதிவிட்டு, இனி அவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுகிறார்கள். 18 முடிந்த பிள்ளைக்கு அவர் சட்டப்படி காப்பாளர் அல்ல. தகவல் சொல்ல ஒரு தொலைபேசி எண், அவ்வளவுதான். பெற்றோருக்கும் அதே நிலைதான். நினைவோடு இருக்கும் பிள்ளைக்கு அறுவை சிகிச்சை என்றால் சம்மதம் பிள்ளையே தர வேண்டும். நினைவின்றி, சம்மதம் வாங்க யாரும் அருகில் இல்லாத அவசரத்தில், உயிர் காக்க நல்லெண்ணத்தோடு சிகிச்சை தரும் மருத்துவருக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-ம் பிரிவு பாதுகாப்பு தருகிறது. ஆகவே 'அப்பா வந்து கையெழுத்துப் போட்டால்தான்' என்று உயிர் போகும் நேரத்தில் காத்திருக்க வேண்டிய அவசியம் சட்டத்தில் இல்லை.

செலவுதான் உடனே தேவைப்படுவது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கும் வீட்டில், பிள்ளையின் பெயர் அதில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, நகலைப் பிள்ளையின் பையிலும் படத்தைக் கைப்பேசியிலும் வைத்துக் கொடுக்க வேண்டும். ரத்தவகை, ஒவ்வாத மருந்து, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அதோடு சேர்த்துவிடலாம். வலிப்பு, ஆஸ்துமா போன்றவற்றை வெட்கப்பட்டு மறைக்கும் பிள்ளைகள் விடுதிக் காப்பாளரிடமாவது சொல்லி வைக்க வேண்டும்.

சேர்க்கையின்போது ராகிங் எதிர்ப்பு உறுதிமொழியைப் பிள்ளையும் பெற்றோரும் தனித்தனியாகத் தர வேண்டும். இதைச் சடங்கு போலக் கையெழுத்திட்டுப் போய்விடுகிறார்கள். அதே விதிமுறையில்தான் பிள்ளைக்கான பாதுகாப்பும் இருக்கிறது. 1800-180-5522 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்த நேரமும் புகார் சொல்லலாம். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்ததும் கல்லூரி திருப்பித் தந்துவிட வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே சொல்லியிருக்கிறது. 'படிப்பு முடியும்வரை எங்களிடம் இருக்கட்டும்' என்றால், எந்த விதியின்படி என்று எழுத்தில் கேட்கலாம். ஒப்படைக்கத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், என்னென்ன சான்று, எந்தத் தேதியில் என்று முத்திரையோடு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வரக்கூடாது. எல்லாவற்றிலும் ஐந்து நகல் வீட்டில் இருக்கட்டும். மதிப்பெண் பட்டியலை டிஜிலாக்கரிலும் ஏற்றிவைக்கலாம். அதன் கடவுச்சொல் பிள்ளைக்கு மட்டும் தெரிந்தால் போதும்.